பூட்டிய வீட்டில் உலாவுவது யார்? டிமான்டி துரையின் ஆவியும், உடைந்த பாலத்து அழுகுரலும்!

ராத்திரி பத்து மணிக்கு மேல் சென்னை ஆழ்வார்பேட்டையில் ஒரு ஆட்டோவை நிறுத்தி, "டிமான்டி காலனிக்குப் போகணும்" என்று சொல்லிப் பாருங்கள்.

டிரைவர் மீட்டரைப் பார்க்கமாட்டார். முதலில் உங்கள் காலைத்தான் பார்ப்பார். தரையில் படுகிறதா என்று!

"அங்க எதுக்கு சார் இந்நேரத்துல? காலையில போங்களேன்" என்பார். இன்னும் கொஞ்சம் வற்புறுத்தினால், "டபுள் சார்ஜ் ஆகும்" என்பார். பேய் பயத்திலும் பிழைப்பை விடாத ஊர் இது.

செயின்ட் மேரீஸ் ரோட்டை ஒட்டிய பகுதி அது. கிரவுண்டு விலையைக் கேட்டால் நமக்கு மயக்கம் வரும். சுற்றிலும் அடுக்குமாடி வீடுகள், கார்கள், கூர்க்காக்கள். அதன் நடுவே ஆண்டுக்கணக்கில் ஆள் இல்லாமல் கிடந்தன அந்த வீடுகள். ஒரே அச்சில் வார்த்ததுபோல் வரிசையாக வீடுகள். கதவு போனது சில. கூரை போனது சில. மரங்கள் வளர்ந்து தெருவையே மூடிக்கொண்டன. பகல் பன்னிரண்டு மணிக்கும் அரை இருட்டு.

கதை முளைக்க வேறு என்ன வேண்டும்?

நாய் எங்கே போச்சு?

அந்தக் கதைகளைக் கேட்டால் முதுகு சில்லிடும்.

டிமான்டி துரை ராத்திரியில் வராந்தாவில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பாராம். நாற்காலி தானாக ஆடுமாம். பூட்டிய கதவில் சாவி திரும்புகிற சத்தம் கேட்குமாம். காவலுக்கு விட்ட நாய்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயினவாம். ஒரு காவல்காரர் செத்தே போனாராம். யார் அவர், எந்த வருஷம், எந்த போலீஸ் நிலையத்தில் கேசு என்று கேட்டால் மட்டும் பதில் வராது. "எங்க மச்சானுக்குத் தெரிஞ்சவரு பார்த்தாரு தம்பி" என்பார்கள். மச்சானைத் தேடிப்போனால், அவருக்கு அவருடைய சகலை சொன்னது!

கிரைம் செய்தி எடுப்பவனுக்கு ஒரு பழக்கம் உண்டு. பிணம் எங்கே, கேசு எங்கே, சாட்சி யார் என்று கேட்பது. டிமான்டி காலனி விஷயத்தில் மூன்றுக்கும் ஆள் இல்லை.

ஆனால் டிமான்டி என்று ஒருவர் இருந்தது நிஜம்.

யார் இந்த டிமான்டி?

முழுப்பெயர் ஜான் டிமான்டி. போர்ச்சுகீசிய வம்சாவளி. கிழக்கிந்தியக் கம்பெனி காலத்தில் மெட்ராஸ் பட்டணத்தில் கொடிகட்டிப் பறந்த வியாபாரி. ஆர்பத்நாட் கம்பெனி என்று அந்தக் காலத்தில் ஒரு பெரிய கம்பெனி இருந்ததே, அதன் பெயர்ப்பலகையிலேயே ஒரு காலத்தில் டிமான்டியின் பெயரும் சேர்ந்து இருந்தது.

பணம் கொட்டியது. வீட்டில் நிம்மதி இல்லை. மனைவி மனநிலை பாதிக்கப்பட்டவர் என்றும், மகன் வெளிநாட்டில் அகால மரணம் அடைந்தான் என்றும் நகர வரலாறு எழுதியவர்கள் குறிப்பிடுகிறார்கள். ஊர் முழுக்க சொத்து. ஆள வாரிசு இல்லை.

மனுஷன் என்ன செய்தார் தெரியுமா? சொத்தை தர்ம காரியங்களுக்காக கத்தோலிக்க திருச்சபைக்கு எழுதிவைத்துவிட்டு, 1821-ம் ஆண்டு கண்ணை மூடினார். மயிலாப்பூர் மறைமாவட்டம் வசம் அந்தச் சொத்துக்கள் போயின. ஆழ்வார்பேட்டை நிலமும் அதில் சேர்த்தி.

கொலை இல்லை. தற்கொலை இல்லை. நிறைவேறாத ஆசை ஏதாவது உண்டா என்றால், உயிலே எழுதி முடித்தாகிவிட்டது. ஆவியாகத் திரும்பி வர எந்த முகாந்திரமும் இல்லை!

இன்னொரு சங்கதி. காலனி வீடுகள் டிமான்டி காலத்து வீடுகளே அல்ல. அவர் செத்து வெகுகாலம் கழித்து எழுந்தவை. தான் கண்ணால்கூடப் பார்க்காத வீட்டு வராந்தாவில் வந்து நாற்காலி போட்டு உட்காருவதற்கு, ஆவிக்கு விலாசம் கொடுத்தது யார்?

பேயாக வரத்தான் வேண்டும் என்றால் அதற்கு நியாயமான ஆட்கள் வேறு. அதே ஆர்பத்நாட் கம்பெனி 1906 அக்டோபரில் திவால் ஆனது. பென்சன் பணம், கல்யாணத்துக்குச் சேர்த்த பணம் என்று போட்டுவைத்த ஆயிரக்கணக்கான குடும்பங்கள் நடுத்தெருவில் நின்றன. கம்பெனி முதலாளி ஜார்ஜ் ஆர்பத்நாட் ஜெயிலுக்குப் போனார். "இனி வெள்ளைக்காரன் பேங்கை நம்பி லாபம் இல்லை" என்று நம்மவர்கள் கூடி 1907-ல் தொடங்கியதுதான் இந்தியன் பாங்கி. டிமான்டி செத்து 85 வருஷம் கழித்து நடந்த சமாச்சாரம் இது. அவருக்கு இதில் பங்கு இல்லை. அந்த டெபாசிட்தாரர்களின் ஆவி ஒன்றுகூட இதுவரை யார் கண்ணிலும் பட்டதாகத் தகவல் இல்லை.

கிளப்புக்கு வராத பேய்

அடையாற்றங்கரையில் மெட்ராஸ் கிளப் இருக்கிறது. உச்சியில் வட்டக் கூண்டு வைத்த பழைய மாளிகை. ஜார்ஜ் மவுப்ரே என்ற கம்பெனி அதிகாரியின் இடம் அது. இப்போது டி.டி.கே. ரோடு என்கிறோமே, அதற்கு மவுப்ரேஸ் ரோடு என்று பெயர் வந்தது அவரால்தான். அந்த மாளிகையும் பிறகு டிமான்டியின் கைக்கு வந்த இடம்தான்.

டிமான்டிக்கு உலாவ ஆசை என்றால் அங்கேதானே போகவேண்டும்? ஆற்றங்கரைக் காற்று, புல்வெளி, பெரிய தாழ்வாரம். ஆனால் அந்த இடத்துக்குப் பேய் பட்டம் கட்ட யாருக்கும் தோன்றவில்லை. அங்கே லைட்டு எரிகிறது. சமையல் நடக்கிறது. ஆள் நடமாட்டம் உண்டு. பூட்டிக்கிடந்த ஆழ்வார்பேட்டை வீடுகள்தான் வசமாக மாட்டிக்கொண்டன.

பிறகு வந்தது சினிமா. 2015-ல் டைரக்டர் அஜய் ஞானமுத்து, நடிகர் அருள்நிதியை வைத்து "டிமான்டி காலனி" எடுத்தார். படம் நன்றாக ஓடியது. இரண்டாம் பாகமும் 2024-ல் வந்தது. படத்தைக் குறை சொல்வதற்கில்லை, தியேட்டரில் நானும் ஸீட்டைப் பிடித்துக்கொண்டுதான் பார்த்தேன். ஆனால் படத்தில் வருகிற டிமான்டி ரத்தவெறி பிடித்தவர். உயில் எழுதிக் கொடுத்த டிமான்டி வேறு. இருநூறு வருஷத்துக்கு முன் செத்தவர், கோர்ட்டுக்கு வந்து மானநஷ்ட வழக்கா போடப்போகிறார்?

படம் வந்த பிறகு வாலிபர்கள் கும்பல் கும்பலாகக் கிளம்பினார்கள். கையில் செல்போன், டார்ச் லைட். சுவர் ஏறிக் குதிப்பது, "யாராவது இருக்கீங்களா?" என்று கத்துவது, எலி ஓடினால் அலறி அடித்துக்கொண்டு வெளியே ஓடிவருவது. அக்கம்பக்கத்தில் குடியிருப்பவர்கள் தூக்கம் கெட்டுப்போனது. அவர்களைக் கேட்டால், "பேய் ஒண்ணும் பண்ணல சார், பேய் பார்க்க வர்றவங்க தொல்லைதான் தாங்கல" என்பார்கள்.

மச்சில் நடப்பது யார்?

சத்தம் கேட்பது பொய்யா? இல்லை. சத்தம் கேட்கத்தான் செய்யும்.

சென்னையின் பழைய வீடுகளில் "மெட்ராஸ் டெரஸ்" கூரை. தேக்கு உத்தரம் போட்டு, மேலே செங்கல்லைச் செங்குத்தாக அடுக்கிச் சுண்ணாம்புச் சாந்து பூசியது. பகல் வெயிலில் மரம் உப்பும். ராத்திரி குளிர்ச்சியில் சுருங்கும். அப்போது "டக்... டக்..." என்று அடித்தால், யாரோ நடப்பதுபோலவே இருக்கும்.

நிஜமாகவே நடக்கிற ஆசாமியும் உண்டு. மரநாய்! சென்னை நகரத்துக்குள் ஓட்டு வீடு, பழைய மச்சு என்று எங்கும் குடியிருக்கும். பகலில் தூங்கும். ராத்திரியில் தடதட என்று ஓடும்.

இன்னொன்று கூகை. வெள்ளை வெளேர் என்று இதய வடிவத்தில் முகம். பறந்தால் இறக்கைச் சத்தம் கேட்காது. திடீரென்று வாயைத் திறந்து ஒரு கிறீச்சல் போடும் பாருங்கள், பெண் அலறுவதுபோலவே இருக்கும். பாழடைந்த கட்டடம் என்றால் அதற்குச் சொந்த வீடு மாதிரி. இருட்டில் அந்த முகத்தை ஜன்னலில் ஒருதரம் பார்த்தவர், அடுத்த நாள் டீக்கடையில் என்ன சொல்வார் என்று நான் எழுதவேண்டியதில்லை.

மூழ்கிச் செத்தவர் வீட்டில் மிருதங்கம்

ஆள் செத்த இடத்தில் பேய் இருக்கும் என்பது கணக்கு என்றால், முதலில் நடுங்கவேண்டிய இடம் கிரீன்வேஸ் ரோடு பக்கம் அடையாற்றங்கரையில் இருக்கிற பிராடி கேஸில்.

ஜேம்ஸ் பிராடி, கம்பெனி உத்தியோகஸ்தர். 1796 முதல் 1798-க்குள் ஆற்றங்கரையில் கோட்டை மாதிரி கோபுரம் வைத்து இந்த வீட்டைக் கட்டினார். ஐந்து வருஷம்கூட அனுபவிக்கவில்லை. வீட்டுக்கு எதிரே ஓடுகிற அதே அடையாற்றில் படகு சவாரி போனவர், மூழ்கிச் செத்தார்.

கட்டியவரே வாசல் ஆற்றில் செத்த வீடு! துர்மரணம். கும்மிருட்டு ஆற்றங்கரை. பேய்க்கதைக்கு இதைவிடத் தோதான இடம் சென்னையில் கிடையாது.

ஆனால் அந்த வீட்டுக்கு டிமான்டி காலனியின் பேர் வரவில்லை. காரணம் சுலபம். வீடு காலியாகவே இல்லை. பெரிய ஜட்ஜ் தாமஸ் ஸ்ட்ரேஞ்ச் துரை அங்கே குடியிருந்தார். ஒருவர் மாறி ஒருவர் வந்தார்கள். சுதந்திரத்துக்குப் பின் அரசு இசைக் கல்லூரி வந்தது. முசிறி சுப்பிரமணிய அய்யரை முதல் பிரின்சிபாலாகக் கொண்டு 1949-ல் தொடங்கிய கல்லூரி அது. பிறகு இந்த இடத்துக்குக் குடிவந்தது. வீட்டுக்கு "தென்றல்" என்று பெயரும் வைத்தார்கள். காலையில் வீணை, மத்தியானம் நாதஸ்வரம், சாயங்காலம் மிருதங்கம். பிராடி துரை வந்தாலும் ஓரமாக உட்கார்ந்து தாளம் போடவேண்டியதுதான்.

வேலூர்க் கோட்டையையும் சொல்லலாம். 1806 ஜூலை 10 ஒரே நாளில் நூற்றுக்கும் மேற்பட்ட வெள்ளைக்காரச் சிப்பாய்களும், பிறகு நடந்த பழிவாங்கலில் நூற்றுக்கணக்கான நம்மவர்களும் மாண்ட இடம். அந்தக் கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரருக்கு 1981 முதல் மறுபடி பூஜை நடக்கிறது. சாயங்காலம் ஆனால் குழந்தை குட்டிகளோடு காற்று வாங்க ஜனங்கள் வருகிறார்கள்.

உடைந்த பாலம்

அடையாறு கடலில் கலக்கிற முகத்துவாரத்தில் நிற்கிறது உடைந்த பாலம். இது வேறு மாதிரி கேசு.

கதை: பவுர்ணமி ராத்திரியில் ஒரு பெண் அழுகிற சத்தம் கேட்கும். பாலத்தின் முனையில் வெள்ளை உருவம் நிற்கும். அருகில் போனால் தண்ணீரில் குதித்து மறையும்.

உண்மை: 1967-ல் மீனவர்களுக்காகக் கட்டிய சின்ன பாலம் அது. வடக்கே பட்டினப்பாக்கம் சீனிவாசபுரம். தெற்கே ஊரூர் குப்பம், ஆல்காட் குப்பம். இரண்டு பக்கமும் சொந்தபந்தம். கொண்டான் கொடுத்தான் உறவு. மீன் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு பெண்கள் பத்து நிமிஷத்தில் அக்கரை போய்விடலாம். பத்தே வருஷம்தான். 1977-ல் ஆற்று வெள்ளத்தின் வேகத்தில் பாலத்தின் ஒரு பகுதி அடித்துக்கொண்டு போனது.

போனது போனதுதான். திரும்பக் கட்டவில்லை. கட்டப்போவதாகப் பல தடவை பேச்சு வந்தது. அளவெடுத்தார்கள். பேச்சும் அடங்கியது. 2004 டிசம்பர் 26 சுனாமியில் சீனிவாசபுரம் குடிசைகள் வாரிக்கொண்டு போயின. 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கம் தண்ணீர் அடையாற்றில் கரைபுரண்டு வந்தது. மிச்சம் இருந்த பாதிப் பாலம் இரண்டையும் தாங்கிக்கொண்டு நின்றது. கட்டியவர்கள் மோசமில்லை போலிருக்கிறது!

சினிமாக்காரர்கள் வந்தார்கள், சண்டைக்காட்சி எடுத்தார்கள். காதல் ஜோடிகள் வந்தார்கள். ராத்திரியில் பாட்டில்களோடு வேறு கூட்டம் வந்தது. விளக்கு கிடையாது. கைப்பிடிச் சுவர் பல இடத்தில் கிடையாது. பாலம் திடீரென்று முடிகிற இடத்தில் கீழே ஆழமும் சுழலும். போதையில் இருட்டில் நடந்துபோகிறவனுக்கு அந்த முனை தெரியவா போகிறது? அவனைத் தள்ளிவிட மோகினி எதற்கு?

அழுகுரலும் அப்படித்தான். முகத்துவாரத்தில் கடல்காற்றும் ஆற்றுக்காற்றும் மோதும் இடம். உடைந்த தூண்களின் இடுக்கில் காற்று புகுந்தால் ஊளையிடும். வெளிச்சம் தெரிந்தது என்பார்கள். அதையும் தள்ளுபடி செய்யவேண்டாம். 2019 ஆகஸ்டு 18 ராத்திரி திருவான்மியூர் தொடங்கி ஈ.சி.ஆர். கடற்கரை நெடுக அலைகள் நீல நிறத்தில் மின்னியதை ஆயிரக்கணக்கான சென்னைவாசிகள் கண்ணால் பார்த்தார்கள். தண்ணீரில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் அலை மோதும்போது விடுகிற வெளிச்சம் அது. செல்போனில் படம் பிடிக்க முடியாத காலத்தில் ஒரு மீனவர் தனியாக இதைப் பார்த்திருந்தால், கரைக்கு வந்து என்னவென்று சொல்லியிருப்பார்?

செத்தது யாருடைய பிள்ளை?

இதில் ஒரு இடத்தைப் பற்றி மட்டும் விளையாட்டாக எழுத மனம் வரவில்லை.

கிழக்கு கடற்கரை சாலையில் முட்டுக்காடு பக்கம் கரிக்காட்டுக்குப்பம். மீனவ கிராமம். சுனாமி அடித்த பிறகு கடலோரத்து வீடுகளை ஜனங்கள் விட்டுவிட்டு, வேறு இடத்தில் கட்டிக்கொடுத்த வீடுகளுக்குப் போய்விட்டார்கள். பழைய வீடுகள் மொட்டைச் சுவராக நின்றன. உடனே "பேய் கிராமம்" என்று பட்டம். ஒரு கிழவரும் குழந்தையும் ராத்திரியில் கைபிடித்து நடந்து போகிறார்களாம். வெளியூரில் இருந்து காமிராவோடு வந்து படம் எடுத்து, பின்னால் பயங்கர மியூசிக் சேர்த்துப் போடுகிறார்கள்.

சுனாமியில் செத்தவர்களின் அப்பா, அம்மா, அண்ணன், தம்பி கூப்பிடு தூரத்தில்தான் குடியிருக்கிறார்கள். அந்தக் குழந்தை யாருடைய குழந்தை என்று அவர்களைக் கேட்டுவிட்டுப் படம் எடுத்தவர் எத்தனை பேர்?

அங்கிருந்து இன்னும் கொஞ்ச தூரம் தெற்கே போனால் கோவளம். கடலோரத்தில் கார்மேல் அன்னை தேவாலயம். 1808-ல் அதைக் கட்டிக்கொடுத்தவர் நம்ம ஜான் டிமான்டிதான். அவரை அடக்கம் செய்ததும் அங்கேதான். ஆவியைத் தேடி ஆழ்வார்பேட்டையில் சுவர் ஏறிக் குதிப்பவர்கள், மனுஷன் படுத்திருக்கிற இடத்துக்கு ஒருதரம் போய்ப் பார்க்கலாம். டிக்கெட்டு கிடையாது. பகலில் கோவில் திறந்திருக்கும்.

போலீஸ் பிடிக்கும்

சுவர் ஏறுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பூட்டிய வீட்டுக்குள் அத்துமீறி நுழைந்தால் பேய் பிடிக்குமோ என்னவோ, போலீஸ் பிடிக்கும். முன்பு இந்திய தண்டனைச் சட்டம் 447, 448. இப்போது, 2024 ஜூலை 1 முதல், பாரதிய நியாய சன்ஹிதா 329-வது பிரிவு. வேலைக்கு மனு போடும்போது "உங்கள் மீது வழக்கு உண்டா?" என்று ஒரு கட்டம் வரும். அதில் "ஆவி பார்க்கப் போனேன்" என்று எழுத இடம் இருக்காது.

கட்டடச் சொந்தக்காரர்கள் பக்கமும் கேட்கவேண்டியது இருக்கிறது. சென்னை ஐகோர்ட்டு 2010-ல் ஒரு தீர்ப்பில் காப்பாற்றவேண்டிய பழைய கட்டடங்கள் என்று 467-ஐப் பட்டியல் போட்டது. புராதனக் கட்டடங்களுக்கென்று தமிழ்நாட்டில் 2012-ல் தனிச் சட்டமே வந்தது. பட்டியலில் உள்ளதையே பாதுகாக்க நாதி இல்லாதபோது, பட்டியலில் ஏறாத பழைய வீட்டை யார் கவனிப்பார்கள்? கேட்டை இழுத்துப் பூட்டி, சாவியை எங்கோ மாட்டி, பத்து வருஷம் விட்டுவிட்டால் போதும். கூரை தானாக இறங்கும். "பேய் வீடு, இடிச்சாத்தான் சரிப்படும்" என்று ஊரே ஒத்துக்கொள்ளும். ஒரு செங்கல்லைக்கூட உருவாமல் வேலை முடிந்துவிடும். வீடு கிடைக்காமல், கிடைத்தாலும் அட்வான்சு கொடுக்க முடியாமல் அலைகிற இந்த ஊரில், ஒரு தெரு நிறைய வீடுகள் ஆள் இல்லாமல் இற்றுப்போனதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

பட்டினப்பாக்கத்துப் பெண்கள் பெசன்ட் நகர்ப் பக்கம் சொந்தக்காரர் வீட்டுக்குப் போக, இன்றைக்கும் 1973-ல் கட்டிய திரு.வி.க. பாலம் வரை மேற்கே போய், ஆற்றைத் தாண்டி, மறுபடி கிழக்கே திரும்பிக் கடற்கரைக்கு வருகிறார்கள். பாலம் உடைந்து எத்தனை வருஷம் என்று கேட்டால், "எனக்குக் கல்யாணம் ஆகறதுக்கு முன்னாடி தம்பி" என்று சொல்கிற வயதில் அங்கே பாட்டிகள் இருக்கிறார்கள்.